கண்ணில் படாத வேலை: பார்க்கர் இரட்டைக்குழல் துப்பாக்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய பார்க்கர் துப்பாக்கியைப் பார்க்க வரும் விவரமான ஆள் அதன் சித்திர வேலைப்பாட்டில் நேரத்தைச் செலவழிக்கமாட்டார். குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடிப்பார். துப்பாக்கி மூடியிருக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாத அந்த அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன எண்கள் குத்தியிருக்கும். ஒன்று வரிசை எண். ஒன்று, குழல் பொருந்தும் இரும்புச் சட்டத்தின் அளவு. அப்புறம் பவுண்டும் அவுன்சுமாக ஓர் எடை. அந்த எடை முழுத் துப்பாக்கியுடையது இல்லை, முடித்த குழலுடையதும் இல்லை. அரம் போட்டுச் சீவுவதற்கு முன்னால் அந்தக் குழல் எவ்வளவு இருந்ததோ அதைத்தான் குத்தி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதே குழலைத் தராசில் வைத்துக் கழித்துப் பார்த்தால், நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழிலாளி கையால் ராவித் தள்ளிய இரும்பு எத்தனை அவுன்ஸ் என்று கணக்கு வந்துவிடும்.

வாங்குகிறவர் பார்க்கவே போகாத இடத்தில் இவ்வளவு வேலை செய்த ஒரு கம்பெனி எப்படிப் பிழைத்தது, ஏன் செத்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. இடம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெரிடன் என்ற ஆலை நகரம். காலம், 1860களின் பிற்பகுதியிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை. மொத்தம் சுமார் 2,42,000 துப்பாக்கிகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நம்மில் பலருக்கும் பறவை வேட்டை என்பது தாத்தா காலத்துக் கதை. என்னை இழுத்தது இரும்பும் மரமும் செய்யும் வேலை. ஆனால் பறவையை விட்டுவிட்டு இந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேச முடியாது என்பது போகப் போகத்தான் எனக்கே புரிந்தது.

காப்பிக்கொட்டை அரைப்பானில் தொடங்கியது

சார்லஸ் பார்க்கர் துப்பாக்கிக்காரர் இல்லை. 1832இல் மெரிடனில் காப்பிக்கொட்டை அரைக்கும் கை இயந்திரம் செய்ய ஆரம்பித்தவர். பிறகு பட்டறை வைஸ் (சாமானை இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவி), விளக்கு, திருகு என்று வீட்டுக்கும் தொழிலுக்கும் வேண்டிய இரும்புச் சாமான்கள். 1867இல் மெரிடன் நகரமானபோது அதன் முதல் மேயரும் அவர்தான். பழைய பார்க்கர் வைஸ் இன்னமும் அமெரிக்கப் பட்டறைகளில் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது அவருடைய ஆலைகள் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தன. போர் முடிந்ததும் இயந்திரங்கள் சும்மா நின்றன, கைதேர்ந்த ஆட்களும் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மாவிலிருந்து பிறந்ததுதான் பார்க்கர் பிரதர்ஸ் வேட்டைத் துப்பாக்கி.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் கடைசி அத்தியாயத்துக்கு இதுதான் சாவி. துப்பாக்கிப் பிரிவு தன் காலில் மட்டுமே நின்ற தொழில் இல்லை. பக்கத்தில் வைஸும் அரைப்பானும் விற்றுக்கொண்டிருந்தன. குடும்பப் பெயர் பொறித்த பொருள் என்பதால் அதற்கு வீட்டில் மூத்த பிள்ளை மரியாதை இருந்தது.

முதல் துப்பாக்கிகளில் விசைக்கூட்டுக்கு முன்னால் சட்டத்தின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை மேலே அழுத்தினால் குழல் மடங்கித் திறக்கும். 1874இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து சார்லஸ் கிங் மேற்பார்வையாளராக வந்த பிறகு வடிவமைப்பு ஒழுங்குக்கு வந்தது. 1880களின் தொடக்கத்தில் பொத்தானுக்குப் பதில், தள்ளித் திறக்கும் மேல் நெம்பு வந்தது. 1889இல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி, உள்ளே போய் மறைந்தது. 1902இல் சுட்ட தோட்டாவைத் தானே எறியும் அமைப்பு, 1922இல் இரண்டு குழலுக்கும் ஒற்றை விசை. தேதிகளை வரிசையாகப் பார்த்தால் தெரியும், இவர்கள் எதிலும் அவசரப்பட்டவர்கள் இல்லை. குதிரை மறைந்த துப்பாக்கியில் போட்டியாளர்கள் சிலர் முந்திப் போய்விட்டார்கள். பார்க்கர் ஆலை பின்னால் வந்தாலும் வந்த பிறகு அதை அசைக்க முடியவில்லை.

புகை பிடித்த இரும்பு

இரட்டைக்குழல் துப்பாக்கியின் அடிப்படை ரொம்ப எளிது. ஒரு சட்டம், அதில் ஒரு கீல், கீலில் மடங்கும் இரண்டு குழல்கள், பின்னால் ஒரு மரக்கட்டை. கஷ்டம் எங்கே என்றால், குழலின் பின்முனை சட்டத்தின் முகத்தோடு முழுசாக ஒட்ட வேண்டும். சுடும்போது பல டன் அழுத்தம் அந்த இடத்தைத்தான் பிளக்கப் பார்க்கும். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால்கூட ஆயிரக்கணக்கான சூட்டுக்குப் பிறகு அது ஆட்டமாகிவிடும்.

அந்தக் காலத்து இயந்திரங்கள் அவ்வளவு நுட்பமாக வெட்டாது. அதனால் கடைசி வேலை கைக்கு வந்தது. எண்ணெய் விளக்கின் புகையில் காட்டி இரும்பில் கரி படிய விடுவார்கள். இரண்டையும் சேர்த்து மூடித் திறந்தால், எங்கே ஒட்டுகிறதோ அங்கே கரி அழிந்திருக்கும். அந்த மேட்டில் மட்டும் அரத்தை ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி மூடல், மறுபடி ஒரு இழுப்பு. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு நீல மை தடவிச் சர்ஃபேஸ் பிளேட்டில் ஒட்டிப் பார்த்துச் சுரண்டியது ஞாபகம் வரும். அதே வேலைதான், மைக்குப் பதில் புகை. எப்போது நிறுத்துவது என்பதுதான் கை அறிந்த விஷயம். ஒரு இழுப்பு அதிகமானால் இடைவெளி விழுந்துவிடும், போன இரும்பு திரும்பி வராது.

தேய்மானம் வரும் என்று தெரிந்தே அதற்கும் இடம் விட்டார்கள். புதுத் துப்பாக்கியில் மேல் நெம்பு நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். பூட்டுப் பரப்பு தேயத் தேய நெம்பு இடப்பக்கம் நகரும். எத்தனை தலைமுறை சுட்டிருக்கிறார்கள் என்பதை நெம்பின் கோணமே சொல்லிவிடும். 1910 வாக்கில் ஜேம்ஸ் ஹேய்ஸ் என்ற ஆலை வல்லுநர் அந்தப் பூட்டில் கழற்றி மாற்றக்கூடிய கடினமான ஒரு சிறு தகட்டைப் பொருத்தினார். தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். ஐம்பது வருஷம் கழித்து வரப்போகும் ஆட்டத்தை நினைத்து இன்றைக்கே ஒரு உறுப்பைச் சேர்க்கும் உற்பத்தியாளரை நாம் எத்தனை பேரைப் பார்த்திருப்போம்?

சட்டத்தின் நிறமும் இப்படி ஒரு கதைதான். நீலமும் வைக்கோல் மஞ்சளும் பழுப்பும் கலந்து எண்ணெய் படிந்த தண்ணீர் மாதிரி இருக்கும். சாயம் கிடையாது. எலும்புக் கரியில் புதைத்து இரும்புப் பெட்டியில் வைத்துச் சூடேற்றி, சட்டென்று தண்ணீரில் கொட்டுவார்கள். கரி ஊறிய மேல்தோல் கண்ணாடி போலக் கடினமாகும், உள்ளே மென்மையான இரும்பு அப்படியே இருக்கும். நிறம் அந்தக் கடினத்தின் துணைவிளைவு. வருஷக்கணக்கில் கை பட்டுப் பட்டு நிறம் மங்கும், கடினம் போகாது. சேகரிப்பாளர்களோ நிறத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

குழல் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்ப காலத்துத் தரமான பார்க்கர்களில் டமாஸ்கஸ் குழல் இருக்கும். அதைப் பெரும்பாலும் பெல்ஜியத்திலிருந்து வரவழைத்தார்கள். லியேஜ் நகருக்குப் பக்கத்தில் வெஸ்ட்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அதற்கென்றே பட்டறை கிராமங்கள் இருந்தன. இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி, கயிறு போல முறுக்கி, அதை நாடாவாக அடித்து, ஒரு தண்டின் மேல் சுருளாகச் சுற்றிச் சம்மட்டியால் பற்ற வைப்பார்கள். அமிலத்தில் முக்கினால் முறுக்கின் கோலம் மேலே எழும். பெயரைப் பார்த்துவிட்டு இது நம் ஊர் உருக்கிலிருந்து செய்த டமாஸ்கஸ் வாளின் தம்பி என்று சொல்கிறவர்கள் உண்டு. தென்னிந்திய மூசை உருக்கு வேறு. அதில் கோலம் உருகி ஆறும்போது உள்ளிருந்தே வருவது. குழலில் இருப்பது முறுக்கிப் பற்ற வைத்த கோலம். உறவு பெயரளவில்தான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஒரே வார்ப்பு எஃகுக் குழல்கள் டமாஸ்கஸை ஓரம் கட்டின. பார்க்கர் ஆலை தரத்துக்கு ஒரு எஃகுப் பெயர் வைத்திருந்தது: வல்கன், டைட்டானிக், ஆக்மி, பீர்லெஸ் என்று. 1912இல் அந்தக் கப்பல் மூழ்கியது. குழல் மேல் டைட்டானிக் ஸ்டீல் என்று பொறிப்பதை இவர்கள் நிறுத்தவில்லை. அதுவும் இந்த ஆலையின் சுபாவம்தான்.

எஃகுப் பெயர் எதுவானாலும் குழலுக்கு நடந்த வேலை ஒன்று. இரண்டு குழலையும் இணைத்து, மேலும் கீழும் பட்டை ஒட்டி, வெளிப்பக்கம் முழுக்க நீளவாட்டில் ராவுவார்கள். பின்முனையில் தடிமன் வேண்டும், நடுவில் மெல்லியதாக இறங்க வேண்டும், முனையில் மறுபடி கொஞ்சம் தடிக்க வேண்டும். எடை எங்கே உட்காருகிறது என்பதை அந்த அரம்தான் தீர்மானிக்கிறது. முதல் பத்தியில் சொன்ன எண்ணுக்கு இங்கேதான் அர்த்தம்.

ஒரு நாளில் நாலு சூடு

இந்த எடைக் கணக்கு எதற்கு என்று கேட்டால் பறவையிடம் போக வேண்டும்.

நியூ இங்கிலாந்து மலைச்சரிவுகளில் ரஃப்ட் கிரௌஸ் என்று ஒரு பறவை உண்டு. நம் கவுதாரியைவிடப் பெரியது, காட்டுத் தரை நிறம். ஊர்க்காரர்கள் அதைப் பார்ட்ரிட்ஜ் என்பார்கள். மனிதன் நெருங்கி நெருங்கி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். பிறகு காலடியிலிருந்தே இடி மாதிரிச் சிறகடித்துக் கிளம்பும். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி, அதற்குள் ஏதாவது ஒரு மரத்தை நடுவில் வைத்துக்கொண்டு மறைந்துவிடும். கூடவே அதே புதர்களில் வுட்காக் என்ற நீள மூக்குப் பறவை, மண்புழு தேடி ஈரமான ஆல்டர் புதர்களில் இறங்குவது. கழுத்தில் மணி கட்டிய செட்டர் நாய் முன்னால் ஓடும். மணி நின்றால் நாய் மோப்பம் பிடித்து நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இந்த வேட்டையில் துப்பாக்கியைச் சுடுவது ரொம்பக் கொஞ்சம், சுமப்பதுதான் அதிகம். முள்ளிலும் கல்சுவரிலும் ஏறி இறங்கி ஐந்தாறு மணி நேரம் நடந்து, நாலு முறை சுட்டால் அது நல்ல நாள். அந்த நாலு முறையும் யோசிக்க நேரம் கிடையாது. பறவையைப் பார்த்த கண் பார்த்தபடி இருக்க, துப்பாக்கி தானாகத் தோளுக்கு வந்து கண் பார்க்கும் இடத்தையே பார்க்க வேண்டும். எடை இரு கைகளுக்கு நடுவில், கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். முனை கனத்தால் துப்பாக்கி பறவைக்குப் பின்னால் இழுபடும். ரொம்ப லேசானால் துள்ளிக்கொண்டு ஓடும்.

பார்க்கர் ஆலை இதற்குச் சட்டத்தையே பல அளவுகளில் செய்தது. போர் என்பது குழல் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும். 20 போருக்குப் பெரும்பாலும் பூஜ்யம் எண் சட்டம், 16 போருக்கு ஒன்று, 12 போருக்கு இரண்டு என்று பொதுவழக்கம். வேண்டுமென்றால் 12 போரைச் சின்னச் சட்டத்திலும் செய்து கொடுப்பார்கள். பூஜ்யம் சட்டத்து 20 போர் சுமார் ஆறேகால், ஆறரை பவுண்டு, மூன்று கிலோவுக்குள். இவற்றைக் கையில் பிடித்தவர்கள் எல்லோரும் துப்பாக்கி உயிரோடு இருக்கிறது என்கிற மாதிரி ஏதாவது சொல்வார்கள். மிகைதான். ஆனால் அந்த மிகைக்குப் பின்னால் ராவிய அவுன்ஸ்கள் இருக்கின்றன.

இங்கே ஒரு முரண்பாடும் உண்டு. அந்தக் காலத்து வாடிக்கையாளர் பலர் 30 இஞ்ச் குழலும், முனை நன்றாகக் குறுகிய இறுக்கமான சோக்கும் கேட்டு வாங்கினார்கள். வாத்து வேட்டையும் இலக்குப் போட்டியும் கொடுத்த ஆசை அது. நாற்பது கஜத்தில் சன்னத்தைக் கொத்தாகப் போடும் குழல், இருபது கஜத்தில் புதரிலிருந்து எழும் கிரௌஸை ஒன்று தவறவிடும், அல்லது கூழாக்கிவிடும். காட்டுக்கேற்ற 26 இஞ்ச், திறந்த சோக் கொண்ட அசல் பார்க்கர்கள் அதனால்தான் குறைவு, விலையும் அதிகம். பின்னாளில் பல நல்ல குழல்களைக் குடைந்து சோக்கைத் தளர்த்தியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்களுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. துப்பாக்கி போக வேண்டிய இடத்துக்கு அப்போதுதான் போயிற்று.

இந்தப் பறவையின் நல்ல காலமும் பார்க்கரின் நல்ல காலமும் ஒன்றாக வந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. நியூ இங்கிலாந்து விவசாயிகள் கல்லைப் பொறுக்கிச் சுவராக அடுக்கி நிலம் திருத்தியவர்கள். மேற்கே வளமான நிலம் திறந்ததும், ஆலைகளில் கூலி கிடைத்ததும், அந்தத் தோட்டங்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கைவிட்ட நிலத்தில் பிர்ச்சும் ஆஸ்பனும் ஆல்டரும் முளைத்தன. ஆளில்லாத ஆப்பிள் மரங்கள் காய்த்துக் கொட்டின. கிரௌஸுக்கு வேண்டியது இப்படிப்பட்ட இளங்காடுதான். வயலை விட்டுவிட்டு மெரிடன் மாதிரி ஆலை ஊருக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், ஆலையில் செய்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தாத்தாவின் கல்சுவரைத் தாண்டினார்கள் என்று சொன்னால் கொஞ்சம் அழகுக்காகச் சொன்னதாக இருக்கும், ஆனால் பொய்யாக இராது.

மலிவாக்கப் பார்த்த கதை

இனி வியாபாரம். 1912இல் வின்செஸ்டர் கம்பெனியின் மாடல் 12 வந்தது. முன்கட்டையை இழுத்துத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கி. முதலில் வந்தது 20 போரில், அதாவது காட்டுப் பறவை வேட்டைக்காரரின் அளவிலேயே. ஒரே குழல், ஒட்ட வேண்டிய பட்டை இல்லை, இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுடும்படி சரிசெய்யும் தலைவலி இல்லை. இரண்டு சூட்டுக்குப் பதில் ஆறு. விலை குறைவு. 1964 வரை கிட்டத்தட்ட 20 லட்சம் விற்றது. பார்க்கர் முக்கால் நூற்றாண்டில் செய்தது அதில் எட்டில் ஒரு பங்கு. அதற்கு முன்பே பிரவுனிங் வடிவமைத்த தானியங்கித் துப்பாக்கியும் சந்தையில் இருந்தது.

பார்க்கரின் பதில் டிரோஜன். அதே வாக்கில் வந்த மலிவுத் தரம். சித்திர வேலை இல்லை. தோட்டாவை எறியும் அமைப்பு இல்லை. 12, 16, 20 என்று மூன்றே போர். கட்டை சாதாரண வால்நட். வெளியே தெரிகிற எல்லாவற்றையும் குறைத்தார்கள்.

உள்ளே? உள்ளே அநேகமாக ஒன்றும் குறையவில்லை. அதே புகை, அதே அரம், அதே பொருத்தம். இன்றைக்கும் டிரோஜன் ஒன்றைத் திறந்து மூடினால் வங்கிப் பெட்டகக் கதவு மாதிரித்தான் சத்தம் வரும். அந்த மூடும் சத்தத்தைத்தான் சேகரிப்பாளர்கள் போற்றுகிறார்கள். நான் இதில் பார்ப்பது அந்த ஆலையின் விதி. ஒரு பொருளின் விலையில் பெரும்பகுதி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெட்டினால் குறையும். டிரோஜனில் வெட்டியது அலங்காரத்தை, ஆனால் செலவு இருந்தது பொருத்தத்தில். பொருத்தத்தில் கை வைத்தால் அது பார்க்கர் இல்லை என்று நினைத்தார்கள். ஆகவே டிரோஜன் பார்க்கர்களில் மலிவானது, சந்தையில் மலிவானது இல்லை. கடை மேஜையில் பக்கத்தில் மாடல் 12 இருக்கும். வாங்க வந்தவர் கண்ணுக்கு அலங்காரம் இல்லாத டிரோஜன் ஒரு சாதாரணத் துப்பாக்கி. புகை பிடித்த பரப்பை அவர் பார்க்கப் போவதில்லை. இரண்டு தலைமுறை கழித்துத்தான் அது தெரியும், அப்போது தெரிந்து ஆலைக்கு என்ன?

சித்திரம் குறைந்தாலும் விற்பனையைத் தாங்கியது கீழ்த்தரங்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். வல்கன் எஃகுக் குழல் போட்ட விஎச் தரத்தில் மட்டும் சுமார் 78,000. டிரோஜன் முப்பதாயிரத்துக்கு மேல். அவற்றின் பின்தட்டில் கெட்டி ரப்பரில் ஒரு நாய்த்தலை இருக்கும். உயர்தரங்களில் இரும்பு விளிம்பு மட்டும் போட்ட எலும்புக்கூட்டுத் தட்டு.

மறுமுனையில் 1920களில் இன்வின்சிபிள் என்று ஒன்று செய்தார்கள். அறிவித்த விலை 1,500 டாலர். ஃபோர்டு மாடல் ஏ கார் 500 டாலருக்குள் கிடைத்த நேரம் அது. மொத்தம் மூன்றுதான் செய்தார்கள். பிறகு 1929 அக்டோபரில் பங்குச் சந்தை விழுந்தது.

யார் கொன்றார்கள்?

பெருமந்தத்தில் விற்பனை சரிந்தது. 1934 ஜூன் 1 அன்று பார்க்கர் குடும்பம் துப்பாக்கிப் பிரிவை ரெமிங்டன் என்ற பெரிய துப்பாக்கிக் கம்பெனிக்கு விற்றது. ரெமிங்டன் அதற்கு முந்தைய வருஷம்தான் ரசாயனக் கம்பெனியான டூபாண்ட் கைக்குப் போயிருந்தது. சில வருஷம் மெரிடனிலேயே ஓட்டிவிட்டு, 1938இல் வேலையை நியூயார்க் மாநிலத்தின் இலியன் ஊரிலிருந்த தன் ஆலைக்கு மாற்றினார்கள். அங்கே செய்தது கொஞ்சம்தான். உலகப் போர் வந்ததும் உற்பத்தி நின்றது. போர் முடிந்த பிறகு மிச்ச உறுப்புகளைக் கோத்து முடித்ததோடு சரி.

ரெமிங்டன்தான் கொன்றது என்று ரசிகர்களில் ஒரு கட்சி உண்டு. போர் கொன்றது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. அக்கம்பக்கத்து இரட்டைக்குழல் கம்பெனிகளைப் பாருங்கள். லெஃபீவரை 1916இல் இத்தாக்கா வாங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் ஏ. எச். ஃபாக்ஸை 1929இல் சாவேஜ் வாங்கியது. எல். சி. ஸ்மித் 1945இல் மார்லினுக்குப் போய் ஐந்தாறு வருஷத்தில் நின்றது. இத்தாக்கா 1948இல் இரட்டைக்குழலைக் கைவிட்டது. முதலாளிகள் வேறு, ஊர்கள் வேறு, சாவு ஒன்று. அமெரிக்கக் கூலி ஏறிக்கொண்டே இருந்தது, பொருத்தும் நேரம் குறையவே இல்லை. ஒரு துப்பாக்கிக்கு இத்தனை மணி நேரம் என்பது 1890இலும் அதேதான், 1930இலும் கிட்டத்தட்ட அதேதான். மற்ற எல்லாப் பொருளுக்கும் அந்த மணி நேரம் சுருங்கியிருந்தது.

வின்செஸ்டர் மாடல் 21 எதிர்ச்சாட்சி போலத் தெரியும். 1931இல் வந்தது, நல்ல எஃகு, குழல்களை இணைக்கும் முறையே வேறு, சோதனை அழுத்தத் தோட்டாக்களை 2,000 முறை சுட்டும் தளராதது என்று விளம்பரம். அது போருக்குப் பின்னும் ஓடியது. ஓடியதற்குக் காரணம், கம்பெனியை வாங்கிய ஜான் ஓலினுக்கு அந்தத் துப்பாக்கி மேல் இருந்த பிரியம். 1960 வாக்கில் அதுவும் தனி ஆர்டர் பட்டறைக்குள் ஒதுங்கியது. ஒரு பணக்காரரின் பிரியம் இல்லாவிட்டால் அதற்கும் பார்க்கரின் கதிதான். மெரிடனிலும் வைஸ் விற்ற காசு இருந்தவரை அப்படி ஒரு பிரியம் வேலை செய்திருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

செத்த பிறகு ஏறிய விலை

1984இலிருந்து 1989 வரை ஜப்பானில் பார்க்கர் மறுபதிப்பு செய்தார்கள். அளவுகள் அவ்வளவு கச்சிதம், பல உறுப்புகள் அசலோடு மாற்றிப் போடலாம். பத்தாயிரத்துக்கு மேல் செய்துவிட்டு அதுவும் நின்றது. 2006இல் ரெமிங்டன் பெயரில், மெரிடனுக்குப் பக்கத்து ஊரான நியூ பிரிட்டனில் உள்ள கனெக்டிகட் ஷாட்கன் பட்டறை ஒரு 28 போர் பார்க்கரைச் செய்ய முன்வந்தது. விலை 49,000 டாலர். கணினி இயந்திரங்கள் வந்த பிறகும் கை வேலைக்கு இதுதான் கூலி என்பதை அந்த எண் சொல்கிறது.

பழசின் விலை வேறு ரகம். அதை வைத்து வேலைத்தரத்தை அளக்கக்கூடாது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் 2010 ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போனது. அது ரூஸ்வெல்ட்டின் விலை. பார்க்கரிலும் சின்னப் போர், உயர்ந்த தரம் என்றால் தொகை எங்கோ போகும். ஒரு 12 போர் டிரோஜன் அதில் சின்னத் துண்டுக்குக் கிடைக்கும். சட்டத்தைப் பொருத்திய கை ஒரே கைதான்.

விலை ஏறினால் தில்லுமுல்லும் ஏறும். கீழ்த்தரப் பார்க்கரை வாங்கி, நல்ல சித்திரக்காரரை வைத்துப் பறவையும் நாயும் செதுக்கி, நல்ல கட்டை போட்டு உயர்தரமாக விற்பது பழைய வேலை. மேலே செய்கிற எதையும் இன்னொருவர் செய்துவிடலாம். இங்கேதான் கவிழ்த்துப் பிடிக்கிற வழக்கம் கை கொடுக்கிறது. அடியில் குத்திய தர எண்ணும் சட்ட அளவும் மேலே உள்ள அலங்காரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பல துப்பாக்கிகளுக்கு ஆலையின் ஆர்டர் புத்தகங்களும் இருப்புப் புத்தகங்களும் தப்பிப் பிழைத்திருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்தத் துப்பாக்கிக்கு யார் என்ன கேட்டார்கள், எத்தனை இஞ்ச் குழல், என்ன சோக் என்று பார்க்கர் சேகரிப்பாளர் சங்கம் கடிதமாக எழுதித் தருகிறது.

சுடுவதற்கு வாங்குகிறவருக்குக் கவலைகள் வேறு. குழலை நூலில் தொங்கவிட்டுத் தட்டினால் கோயில் மணி போல ஒலி நீள வேண்டும். சொத்தென்று விழுந்தால் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. சுவரின் தடிமனைக் கருவி வைத்து அளக்க வேண்டும். உள்ளே துருவை எடுக்கிறேன் என்று குடைந்து குடைந்து காகிதமாக்கிய குழல்கள் நிறைய. அந்தக் காலத்துத் தோட்டா அறைகள் சற்றுக் குட்டை. இன்றைய நீளத் தோட்டாவையும் அதன் அழுத்தத்தையும் மனதில் வைத்துச் செய்தவை இல்லை. அதனால் அளந்து சொல்லத் தெரிந்த துப்பாக்கிப் பழுதாளர் பார்க்காமல் சுடக்கூடாது. டமாஸ்கஸ் எல்லாம் வெடிக்கும் என்பதும் தப்பு. இங்கிலாந்தின் சோதனைக் கூடங்கள் நவீன வெடிமருந்துக்குச் சான்று கொடுத்த டமாஸ்கஸ் குழல்கள் ஏராளம். எல்லாம் பத்திரம் என்பதும் அதே அளவு தப்பு. ஒவ்வொரு குழலும் தனித்தனி வழக்கு.

பறவையின் கதையும் இதோடு சேர்த்துத்தான். கைவிட்ட தோட்டங்கள் இப்போது முதிர்ந்த காடு. கனெக்டிகட்டில் பாதி நிலத்துக்கு மேல் மரம். பெரிய மரத்தடியில் புதர் வளராது, புதர் இல்லாத இடத்தில் கிரௌஸ் தங்காது. வெஸ்ட் நைல் வைரஸும் அதைத் தாக்குவதாகப் பென்சில்வேனியா ஆய்வுகள் காட்டின. இந்தியானா மாநிலம் 2020இல் அதை அருகிவரும் இனப் பட்டியலில் சேர்த்தது. வேட்டைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். வேட்டைச் சாமான்கள் மேல் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் வரிதான் இன்று இளங்காட்டை வெட்டி மறுபடி உருவாக்கும் வேலைக்குப் பெரும்பணம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கதை சுலபமாக இராது.

பார்க்கர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த இலியன் ஆலையை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ரெமிங்டனின் இரண்டு திவால்களுக்குப் பிறகு அதை நடத்தி வந்த நிறுவனம் வேலையை ஜார்ஜியாவுக்கு நகர்த்தியது. அந்த ஆலையிலும் மெரிடனிலும் புகை பிடித்து ராவிய துப்பாக்கிகளில் எத்தனையோ இந்த அக்டோபரிலும் நாய் மணிக்குப் பின்னால் போகும். அவற்றில் பலவற்றின் நெம்பு இன்னும் வலப்பக்கம்தான் நிற்கிறது.